ஜெர்மன் கனரக டாங்கிகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. 1/35 அளவில் நான் ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் டாங்கிகள் அதில் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரோடு அதன் முன்னால் போய் நிற்பார்கள். கண் நேராக இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் டாங்கியான டைகரில் போய்த்தான் நிற்கும். உடனே கேள்வி ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரில் டாங்கி விளையாட்டு விளையாடும் அக்கா மகனும் அதையேதான் கேட்கிறான், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஹெவி டாங்கின்னா எதெல்லாம்? டைகர், பேந்தர், கிங் டைகர் எல்லாம் ஒண்ணுதானா?

மூன்றும் வேறு வேறு வண்டிகள். டைகர் 1 என்பது காசல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில் 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை தயாரானது. எடை ஏறக்குறைய 57 டன். மொத்தம் வெளிவந்தவை சுமார் 1,350. டைகர் 2 என்பது 1944 தொடக்கத்தில் வந்த அடுத்த வண்டி. எடை 70 டன்னைத் தொடும், எண்ணிக்கை 500-ஐக்கூட எட்டவில்லை. இதைத்தான் கிங் டைகர் என்கிறோம். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'கோனிக்ஸ்டீகர்'. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நம்ம வங்கப் புலி! ஆங்கிலேயர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் பிரித்து 'ராஜா புலி' என்று ஆக்கிவிட்டார்கள்.

பேந்தர் 45 டன். சோவியத் கனரக டாங்கியான ஐ.எஸ்.-2 கூட 46 டன்தான் என்றாலும், ஜெர்மானியர் தங்கள் கணக்கில் பேந்தரை நடுத்தர டாங்கி என்றே வைத்திருந்தார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் பேந்தர் வந்து போகும், முக்கியப் பாத்திரம் டைகர்கள்தான்.

டைகர்ல அப்படி என்னதான் விசேஷம்? எல்லாரும் ஏன் அதையே பேசுறாங்க?

பீரங்கியும் கவசமும்தான். விமானங்களைச் சுடப் பயன்பட்ட 88 மி.மீ. பீரங்கியின் வழிவந்த பீரங்கி அதில் இருந்தது. சுமார் 10 கிலோ குண்டு வினாடிக்கு 773 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் 100 மி.மீ. எஃகுத் தகட்டைத் துளைக்கும். முன்பக்கக் கவசம் 100 மி.மீ., பக்கவாட்டு மேல்பகுதி 80 மி.மீ. பல டாங்கிகளுக்கு முன்பக்கத்திலேயே அவ்வளவு கனம் கிடையாது. 92 குண்டுகளை உள்ளே ஏற்றிக்கொண்டு போகலாம். குறிபார்க்கும் கண்ணாடியின் தரமும் அபாரம்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1942 முடிவிலும் 1943-லும் எதிரில் நின்றவை 76 மி.மீ. பீரங்கி வைத்த சோவியத் டி-34, 75 மி.மீ. பீரங்கி வைத்த அமெரிக்க ஷெர்மன். முன்பக்கமாகச் சுட்டால் இவற்றின் குண்டுகள் டைகரில் பட்டுத் தெறித்து விழும். டைகரோ 1,500 மீட்டரில் இருந்தே இவற்றை முடித்துவிடும். தன் குண்டு எதிரியைத் துளைக்கும், எதிரியின் குண்டு தன்னைத் துளைக்காது என்ற அந்த இடைவெளிதான் டைகரின் பேருக்குக் காரணம். அந்த இடைவெளி ஒன்றரை வருஷம்தான் நீடித்தது. 1944-இல் 85 மி.மீ. பீரங்கியோடு புது டி-34, 122 மி.மீ. பீரங்கியோடு ஐ.எஸ்.-2, பிரிட்டிஷ் 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஷெர்மன் ஃபயர்ஃப்ளை எல்லாம் வந்துவிட்டன.

டி-34 மாதிரி கவசத்தைச் சாய்ச்சு வைக்காம, பெட்டி மாதிரி நேரா வெச்சது முட்டாள்தனம்தானே?

முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 1941 மே 26 அன்று நடந்த கூட்டத்தில்தான் கனரக டாங்கிக்கான உத்தரவை ஹிட்லர் கொடுத்தார். ஜெர்மானியர் டி-34-ஐப் போர்க்களத்தில் சந்தித்தது அதற்கு அடுத்த மாதம், சோவியத் நாட்டுக்குள் நுழைந்த பிறகுதான். 1942 ஏப்ரல் 20, ஹிட்லர் பிறந்தநாளுக்குள் மாதிரி வண்டி ஓடிக் காட்ட வேண்டும் என்று கெடு. புதிதாக யோசிக்க நேரமே இல்லை. தகடு கனமாக இருந்ததால் நேராக நிறுத்தினாலும் போதும் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே இடம் தாராளமாகக் கிடைத்தது ஒரு லாபம். அடுத்து வந்த பேந்தரிலும் டைகர் 2-இலும் சாய்வு வந்துவிட்டது.

நேராக நிற்கும் தகட்டையும் சாய்க்க ஒரு வழி உண்டு, வண்டியையே கோணலாக நிறுத்துவது. டைகர் வீரர்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேடு இதைச் சாப்பாட்டு நேரத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தது. வண்டியைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும், மூக்கு 12 மணி. எதிரி பத்தரை மணி, ஒன்றரை மணி, நாலரை மணி, ஏழரை மணி திசைகளில், அதாவது மூலைகளுக்கு நேராக நிற்கும்படி வண்டியைத் திருப்பு, குண்டு வழுக்கிக்கொண்டு போகும் என்று பாடம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பையன்களுக்கு முக்கோணக் கணக்குச் சொல்லாமல், காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு என்று மனதில் பதிய வைத்திருக்கிறார்கள். நல்ல வாத்தியார் வேலை அது.

முதல் சண்டையிலேயே மானம் போச்சாமே?

ஆமாம். 1942 ஆகஸ்ட் 29 அன்று லெனின்கிராட் அருகே மிகா என்ற இடத்தில் நான்கு டைகர்களை இறக்கினார்கள். சதுப்புக்காடும் குறுகலான பாதையுமான இடம். கியர்பாக்ஸ் கோளாறும் இன்ஜின் கோளாறும் சேர்ந்து வண்டிகள் ஆங்காங்கே நின்றுவிட்டன. அடுத்த மாதம் மறுபடி முயன்றபோதும் சேற்றில் சிக்கல். 1943 ஜனவரியில் அதே முனையில் சோவியத் படை ஒரு டைகரைக் கைப்பற்றி, குபிங்கா பரிசோதனைத் திடலுக்குக் கொண்டுபோய், எந்த பீரங்கி எந்தத் தூரத்தில் அதைத் துளைக்கும் என்று சுட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டது.

தனியாக இரண்டு மூன்று என்று அவசரமாக அனுப்பியதன் விலை இது. துனிசியாவிலும் இதே கதைதான். 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய 131 எண் டைகரை எடுத்துக்கொள்ளுங்கள். கவசத்தை எதுவும் துளைக்கவில்லை. டரட் (பீரங்கியைத் தாங்கிச் சுற்றும் மேல்கூண்டு) உடம்போடு சேரும் இடுக்கில் ஒரு சிறிய 6 பவுண்டர் குண்டு போய் அடித்ததில் டரட் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். அந்த வருஷம் ஜூனில் டூனிஸ் போன சர்ச்சிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அதை நேரில் பார்த்தார்கள்.

சும்மா சும்மா ரிப்பேர் ஆகும்னு சொல்றாங்களே. ஜெர்மன் இன்ஜினியரிங்னு இவ்வளவு பேர் வாங்கினவங்க எப்படிக் கோட்டை விட்டாங்க?

முதலில் எடையைப் பார்ப்போம். 57 டன்னை இழுக்க 700 குதிரைசக்தி மேபாக் பெட்ரோல் இன்ஜின் (முதல் 250 வண்டிகளில் 650தான்). டன்னுக்கு 12 குதிரைசக்தி வருகிறது. அதுவே இழுபறி. 1943 நவம்பரில் இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள் கட்டுப்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள், இன்ஜின் சீக்கிரம் போய்விடக் கூடாது என்று. இன்ஜின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். 8 முன் கியர், 4 பின் கியர். டிரைவருக்கு அது சுகமான வண்டி. லாரி ஓட்டுகிற மாதிரி ஸ்டீயரிங் சக்கரம், லேசாகத் திருப்பினால் போதும். அந்தக் காலத்து டாங்கி டிரைவர்கள் இரண்டு கையாலும் நெம்புகோலைப் பிடித்து இழுத்து வேர்த்துக் கொட்டியவர்கள்.

அந்த கியர்பாக்ஸ் கெட்டால்தான் தொல்லை. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் டரட்டைக் கழற்ற வேண்டும். டரட் மட்டும் பல டன். 15 டன் தூக்கும் கேன்ட்ரி கிரேனைக் கொண்டுவந்து, வயல்வெளியில் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிறுத்தி, டரட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே கிரேனால் கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டும். குளிரிலும் மழையிலும் மெக்கானிக்குகள் இந்த வேலையைச் செய்யும் பழைய படங்கள் ஏராளம் இருக்கின்றன. சண்டைக் காட்சிகளைவிட அந்தப் படங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். டைகரின் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. உதிரி பாகமும் கிரேனும் நல்ல மெக்கானிக்கும் ஓய்வு நாளும் கிடைத்த இடத்தில், ஓடும் நிலையில் இருந்த டைகர்களின் விகிதம், ஜெர்மனியின் நடுத்தர டாங்கியான பான்சர் 4-க்குப் பக்கத்தில் வந்தது. அதாவது வண்டி மோசம் என்பதைவிட, அது கேட்கிற கவனிப்பு அதிகம். பின்வாங்கி ஓடும் படையால் அந்தக் கவனிப்பைக் கொடுக்க முடியாது.

சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே, அது எதுக்கு?

எடையைப் பரப்புவதற்கு. ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3 சக்கரம், ஆக 24. ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்கியதால் செயின் முழுக்கச் சமமாக அழுத்தம் விழும், பயணமும் மெத்தென்று இருக்கும். ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்றின் ரப்பர் பிய்ந்துபோனால், அதை மறைத்து நிற்கும் வெளிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் அப்பிய சேறு இரவோடு இரவாக உறைந்து கல்லாகிவிடும். காலையில் வண்டி நகராது. மாடல் ஒட்டும்போதே இந்த 48 சக்கரங்களை வரிசை மாறாமல் கோப்பதற்குள் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

அவ்வளவு பெரிசை முனைக்கு எப்படிக் கொண்டுபோனாங்க? ஓட்டிக்கிட்டேவா?

ரயிலில். இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் டைகரின் பலவீனத்தைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல வாசல்.

சண்டைக்கான செயினின் அகலம் 725 மி.மீ. அதோடு வண்டியின் அகலம் ஏறக்குறைய 3.7 மீட்டர். அப்படியே ரயிலில் ஏற்றினால் எதிரே வரும் ரயிலிலும் சுரங்கப்பாதையிலும் இடிக்கும். அதனால் ரயில் பயணத்துக்கென்றே 520 மி.மீ. அகலத்தில் இன்னொரு ஜோடி செயின் உண்டு. ஸ்டேஷனுக்கு வந்ததும் அகலச் செயினைக் கழற்று, வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்று, குறுகிய செயினை மாட்டு, வேகனில் ஏற்று. இறங்கியதும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய். பொக்லைன் வண்டியின் செயின் கழன்று, அதை மாட்டுவதற்கு நாலு பேர் கடப்பாரையோடு திண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இது அதைவிடப் பல மடங்கு கனம். எல்லாம் கைவேலை. மாட்டி முடிப்பதற்குள் எதிரி விமானம் வந்தால் அவ்வளவுதான்.

அப்புறம் பாலங்கள். கிராமத்துப் பாலங்கள் எதுவும் 57 டன்னைத் தாங்கக் கட்டப்பட்டவை இல்லை. அதனால்தான் முதல் 495 டைகர்களுக்கு ஆற்றுக்குள்ளேயே இறங்கி, நாலு மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்கு அடியில் நடந்து போகும் வசதியைச் செய்திருந்தார்கள். மூச்சுக்குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செலவும் வேலையும் அதிகம், பயன்பட்டது குறைவு என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

நின்னுபோன டைகரை இன்னொரு டைகர் கட்டி இழுத்துட்டு வந்துடலாமே?

கூடாது என்று உத்தரவே இருந்தது. இழுக்கிற வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து போய்விடும், ஒன்றுக்கு இரண்டு நஷ்டம். அவசரத்தில் இழுத்தார்கள் என்பது வேறு விஷயம். முறைப்படி 18 டன் இழுவைத் திறன் கொண்ட ஃபாமோ அரைச்செயின் வண்டிகள் (முன்னால் சக்கரம், பின்னால் செயின்) மூன்றை வரிசையாகக் கட்டி இழுக்க வேண்டும். 1943-இல் ஒரு கனரக டாங்கிப் பட்டாளத்தில் மொத்தம் 45 டைகர்கள். அத்தனைக்கும் வேண்டிய இழுவை வண்டிகள் ஒருபோதும் போதுமான அளவில் கையில் இருந்ததில்லை.

இழுத்துவர வழியில்லை, எதிரி நெருங்கிவிட்டான் என்றால் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு வர வேண்டும். போரில் இழந்த டைகர்களில் பெரும்பங்கு இப்படிச் சொந்த ஆட்களே வெடி வைத்தவை, அல்லது அப்படியே விட்டுவிட்டு வந்தவை. எதிரியின் குண்டு துளைத்து அழிந்தவை மட்டும்தான் நஷ்டம் என்று எண்ணினால் கணக்கு தப்பும்.

டீசல் போட்டிருந்தா மிச்சமாகியிருக்குமே? பெட்ரோல் எதுக்கு?

ஜெர்மனியிடம் எண்ணெய்க் கிணறுகள் மிகக் குறைவு. நிலக்கரியில் இருந்து செயற்கையாக எரிபொருள் தயாரித்தார்கள். அந்த முறையில் பெட்ரோல் எடுப்பது சுலபம். கிடைத்த டீசலில் கடற்படைக்கு முன்னுரிமை. அதனால் அவர்களுடைய முக்கிய டாங்கிகள் எல்லாமே பெட்ரோல்தான்.

டைகரின் டேங்கில் சுமார் 540 லிட்டர் பிடிக்கும். நல்ல ரோட்டில் 100 கிலோமீட்டர் போவதற்குள் அது தீர்ந்துவிடும். காடு மேடு என்றால் 60 கிலோமீட்டர்கூடப் பெரிய விஷயம். 1944 மே மாதம் முதல் செயற்கை எரிபொருள் ஆலைகள் மீது குண்டுவீச்சு, ஆகஸ்டில் ருமேனியாவின் புளோயெஷ்டி எண்ணெய் வயல் கைவிட்டுப் போனது. பிரமாண்டமான டைகர் 2 அதிகமாகக் களத்துக்கு வந்ததும் அதே மாதங்களில்தான்.

போர்ஷே கார் கம்பெனி செஞ்சதுதானே டைகர்?

டைகரை வடிவமைக்கும் போட்டியில் கலந்துகொண்டார் ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஹென்ஷெலிடம் தோற்றார். அவர் வடிவமைத்த வண்டியில் பெட்ரோல் இன்ஜின்கள் மின்சாரம் தயாரிக்கும், அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடும். யோசனை அருமை, ஆனால் செம்பு தட்டுப்பாடான நாட்டில் அது செம்பை விழுங்கும், சூடேறி நிற்கும். ஆர்டர் தனக்குத்தான் என்ற நம்பிக்கையில் சுமார் 90 வண்டிகளின் அடிப்பகுதியை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டார்கள். அவைதான் பிறகு டரட் இல்லாத 'ஃபெர்டினாண்ட்' என்ற டாங்கி வேட்டை வண்டிகளாக 1943 ஜூலையில் கூர்ஸ்க் போருக்குப் போனவை. கிட்டே ஓடி வரும் காலாட்படையைச் சுட அவற்றில் ஒரு இயந்திரத் துப்பாக்கிகூட இல்லை. பட்ட பிறகு பொருத்தினார்கள்.

ஒரு டைகரை அடிக்க அஞ்சு ஷெர்மன் வேணும்னு சொல்வாங்களே மாமா?

இதைக் கேட்காத பையன் இல்லை. அமெரிக்க டாங்கிப் படையின் சிறிய பிரிவிலேயே 5 டாங்கிகள். எதற்குப் போனாலும் ஐந்தாகத்தான் போவார்கள். நாலு தெருநாயை விரட்டப் போனாலும் ஐந்துதான். அதை 'ஐந்து தேவை' என்று பின்னால் வந்தவர்கள் ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்கர்கள் நிஜமாகவே டைகர் 1-ஐச் சந்தித்த சந்தர்ப்பங்கள் ரொம்பக் குறைவு. பிரான்ஸின் நார்மண்டியில் டைகர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், கனேடியப் படைகளின் எதிரில் இருந்தன. நீண்ட பீரங்கியும் பக்கத் தகடும் வைத்த பான்சர் 4-ஐத் தூரத்தில் பார்த்தால் டைகர் மாதிரியே இருக்கும். பயத்தில் எல்லாமே டைகர்தான். அந்தப் பயமும் டைகருடைய பலங்களில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

விட்மன் ஒத்தை டைகர்ல ஒரு படையையே அழிச்சாரே, அது பொய்யா?

நடந்தது உண்மை. 1944 ஜூன் 13 காலை, நார்மண்டியின் வில்லர்-போகாஜ் ஊரில், சாலையில் வரிசையாக நின்றிருந்த பிரிட்டிஷ் 7-ஆவது கவசப் படைப்பிரிவின் முன்னணி மீது ஜெர்மன் டாங்கி அதிகாரி விட்மன் தன் டைகரோடு பாய்ந்தார். கால் மணி நேரத்துக்குள் டாங்கிகளும் வண்டிகளும் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அவருடைய டைகரும் ஊருக்குள்ளேயே அடிபட்டு நின்றது, அவர் நடந்து தப்பினார். பிற்பகல் ஊருக்குள் நுழைந்த மற்ற டைகர்கள் சந்துபொந்துகளில் கிட்டத்தில் இருந்து அடிவாங்கின. இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்தத் தூர இடைவெளி தெருவுக்குள் இல்லாமல் போகிறது. மேல்கூண்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற, குறிவைப்பவர் கைச்சக்கரத்தை 720 தடவை சுற்ற வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடினால் ஹைட்ராலிக் உதவும், அப்போதும் அது நிதானம்தான்.

ஆகஸ்ட் 8 அன்று கான் நகருக்குத் தெற்கே, திறந்த வெளியில் முன்னேறிய டைகர்களை நேச நாட்டு ஷெர்மன்கள் பக்கவாட்டில் இருந்து அடித்தன. விட்மன் அதில் இறந்தார்.

அவங்க அழிச்ச டாங்கிக் கணக்கை எல்லாம் நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. ஜெர்மன் ராணுவத்தின் கிழக்கு முனை உளவுப் பிரிவே தன் படைகள் அனுப்பிய எண்ணிக்கையைப் பாதியாக வெட்டித்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரே டாங்கியை இரண்டு பேர் சுட்டு, இருவரும் எழுதிக்கொள்வார்கள். அடிபட்ட டி-34-ஐ சோவியத் படை இரவில் இழுத்துப் போய், ரிப்பேர் செய்து, மறுபடி அனுப்பும். அது மறுபடி ஒரு எண்ணாகும். ஜெர்மன் பக்கத்திலோ, முழுவதும் கைவிட்டுப்போன டைகரை மட்டும்தான் இழப்பு என்று எழுதுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு தராசு வைத்துவிட்டு 'பத்துக்கு ஒன்று' என்று பேசுவது சரியில்லை.

விமானம்தான் டைகரை எல்லாம் காலி பண்ணுச்சுன்னு படிச்சேன்.

விமானிகள் சொன்ன அளவுக்கு இல்லை. 1944 ஆகஸ்டில் நார்மண்டியின் மோர்த்தேன் ஊரில் நடந்த சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் களத்துக்கே போய் ஒவ்வொரு டாங்கியாகப் பார்த்தார்கள். ராக்கெட் பட்டு அழிந்தவை, விமானிகள் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையில் சிறு பகுதிதான். அந்தக் காலத்து ராக்கெட்டுக்குக் குறி கிடையாது. ஆனால் கூட்டமாகக் குண்டு வீசினால் கதை வேறு. ஜூலை 18 அன்று நார்மண்டியில் மான்வில் அருகே 503-ஆவது பட்டாளத்தின் மேல் நடந்த குண்டுவீச்சில், ஒரு டைகர் கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி தலைகீழாகக் கிடக்கும் படம் இருக்கிறது. 57 டன்! உள்ளே இருந்தவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

விமானம் உண்மையில் செய்தது ரயிலையும் பாலத்தையும் பெட்ரோல் லாரியையும் அடித்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, ரயில் கேள்வியையும் பெட்ரோல் கேள்வியையும் மறுபடி படியுங்கள்.

கிங் டைகர் அதைவிட பெட்டர்தானே?

நின்ற இடத்தில் நின்று சுடுவதென்றால் ஆமாம். அதைவிட நீளமான 88 மி.மீ. பீரங்கி, குண்டின் வேகம் வினாடிக்கு 1,000 மீட்டர். உடம்பின் முன்பக்கம் 150 மி.மீ. தகடு, அதுவும் நன்றாகச் சாய்ந்தது. ஆனால் 70 டன்னுக்கும் அதே 700 குதிரைசக்தி இன்ஜின். டன்னுக்குப் பத்து. ரிப்பேர் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே இரண்டு மடங்கு. அலாய் உலோகங்கள், குறிப்பாக மாலிப்டினம், கிடைக்காமல் போனதால் எஃகின் தரமும் இறங்கியது. கைப்பற்றிய டைகர் 2-ஐச் சுட்டுப் பார்த்த சோவியத் பொறியாளர்கள், தகடு விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிப்பதையும் வெல்டிங் பிளப்பதையும் எழுதி வைத்தார்கள்.

1944 ஆகஸ்டில் போலந்தின் சாண்டோமியெஷ் பக்கம், ஓக்லெண்டுவ் கிராமத்தில் சோவியத் படையோடு முதல் மோதல். ரயிலில் இருந்து இறங்கி முனைக்குப் போகும் வழியிலேயே 501-ஆவது பட்டாளத்தின் பெரும்பாலான வண்டிகள் பழுதாகிவிட்டன. மிச்சம் போனவற்றை, மறைந்திருந்த டி-34-85 ஒன்று பக்கவாட்டில் அடித்தது. அந்த டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் எஸ்.எஸ். அதிகாரி பைப்பரின் படை லா கிளேஸ் கிராமம் வரை போய், பெட்ரோல் தீர்ந்து, டாங்கிகளை எல்லாம் விட்டுவிட்டு 24-ஆம் தேதி விடியும் முன்னால் நடந்தே திரும்பியது.

188 டன்ல ஒண்ணு செஞ்சாங்களாமே?

மவுஸ். பெயரின் அர்த்தம் எலி. இரண்டு மாதிரி வண்டிகள்தான் செய்தார்கள். எந்தப் பாலமும் தாங்காது. ஒன்று இன்றும் குபிங்காவில் நிற்கிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

டைகரை விட்டுட்டு அந்தக் காசுல பான்சர் 4 நிறைய செஞ்சிருந்தா ஜெயிச்சிருப்பாங்களா?

நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வி. ஒரு டைகரின் விலை ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்), பான்சர் 4 ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். காசு கணக்கில் 1,350 டைகருக்குப் பதில் மூவாயிரத்துச் சொச்சம் பான்சர் 4. அமெரிக்கா செய்தது சுமார் 49,000 ஷெர்மன், சோவியத் செய்த டி-34 ஐம்பதாயிரத்துக்கு மேல். அந்தக் கடலில் மூவாயிரம் சேர்ந்தால் என்ன ஆகிவிடும்? மூவாயிரம் வண்டிக்கு ஐந்து பேர் வீதம் பயிற்சி பெற்ற 15,000 பேர் வேண்டும், பெட்ரோலும் வேண்டும். எண்ணிக்கையில் முந்த முடியாது என்று தெரிந்துதான் தரத்தில் முந்தப் பார்த்தார்கள். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். ஒவ்வொரு மாதிரியிலும் ஓயாமல் மாற்றம் செய்துகொண்டே இருந்தார்கள், உதிரி பாகத்தைவிடப் புது வண்டிக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். புது வண்டி எண்ணிக்கை ஹிட்லரின் மேஜைக்குப் போகும். கிரேனும் ஸ்பேர் கியர்பாக்ஸும் போகாது.

நம்ம ஆவடி அர்ஜுனும் அதே எடைதானே? அது மட்டும் எப்படிச் சரி?

ஓய்வு பெற்ற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது. அர்ஜுன் மார்க் 1 எடை 58.5 டன், டைகர் 1-க்குச் சமம். மார்க் 1ஏ 68 டன், கிங் டைகர் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் இன்ஜின் 1,400 குதிரைசக்தி, மார்க் 1-இல் டன்னுக்கு 24. டைகரைப் போல இரண்டு மடங்கு. பாலம், ரயில் வேகன், இழுவை வண்டி பற்றிய கவலை மட்டும் மாறவில்லை. அர்ஜுன் கனம் அதிகம் என்று நம் ஊரில் நடந்த விவாதங்களைக் கேட்டவர்களுக்கு 1943-இன் புலம்பல் புதிதாக இருக்காது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தொடர்பு. அர்ஜுனின் இன்ஜின் ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்துடையது. ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் ஊரில் இருந்த அந்த நிறுவனத்தின் வேர்களில் ஒன்று, டைகருக்கு இன்ஜின் செய்த அதே மேபாக்.

எல்லாம் சரி, நாஜிக்காரன் ஆயுதத்தைப் போய் இப்படி ரசிக்கலாமா?

என் மனைவி கேட்டது, அதனால் யோசித்தே பதில் சொல்கிறேன். இரும்பைப் படிக்கலாம், அதைச் செய்தவர்களையும் ஓட்டியவர்களையும் மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது. ஹென்ஷெல் ஆலையில் வேலை செய்தவர்களில் ஏராளமானோர் பிடித்துக்கொண்டு வரப்பட்ட வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளிகள். மேலே சொன்ன பைப்பரின் படை 1944 டிசம்பர் 17 அன்று மால்மெடி அருகே, சரணடைந்த 84 அமெரிக்கக் கைதிகளைச் சுட்டுக் கொன்றது. விட்மன் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபென் எஸ்.எஸ்.காரர். என் அலமாரியில் இருக்கும் டைகருக்கு மேல் அந்த வீரர்களின் பொம்மைகளை நான் நிறுத்துவதில்லை. கிரேனும் கழற்றி வைத்த டரட்டும் பக்கத்தில் இருக்கின்றன.

நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?

ஓடும் நிலையில் உள்ள ஒரே டைகர் 1, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாலாம் கேள்வியில் சொன்ன அந்த 131-தான். பிரான்ஸின் சோமுர் அருங்காட்சியகத்தில் ஓடும் டைகர் 2 உண்டு. பெல்ஜியத்தின் லா கிளேஸ் கிராமத்தில் 213 எண் டைகர் 2 அருங்காட்சியக வாசலிலேயே நிற்கிறது. போர் முடிந்து அமெரிக்கர்கள் அதை இழுத்துப் போக வந்தபோது, ஊர்ப் பெண்மணி ஒருவர் ஒரு பாட்டில் காக்னாக் கொடுத்து அங்கேயே நிறுத்திவைத்தார் என்று சொல்வார்கள்.

நான் போக ஆசைப்படுவது நார்மண்டியின் விமூத்தியே ஊருக்கு. 1944 ஆகஸ்டில் பின்வாங்கும்போது மேட்டுச் சாலையில் விட்டுவிட்டுப் போன டைகர் 1 அது. வழியை மறைக்கிறது என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்கள், 1975 வரை பள்ளத்திலேயே கிடந்தது. பிறகு தூக்கி ரோட்டோரத்தில் வைத்தார்கள். பல வருஷம் டிக்கெட் இல்லாமல், காரை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்க்கும்படி அங்கே நின்றது.